எஃகு எவ்வளவு உப்பும்? எந்த சிமுலேஷனிடம் கேட்பது?

வேக ஈனுலையில் (வேகமான நியூட்ரான்களில் ஓடி, புது எரிபொருளையும் உண்டாக்கும் அணு உலை) எரிபொருளைப் பொதிந்திருக்கும் எஃகுக் குழாய், நியூட்ரான் அடி வாங்கி வாங்கி உப்பிவிடும். உள்ளே நுண்ணிய வெற்றுக்குமிழிகள் முளைப்பதுதான் காரணம். ஸ்காட்லாந்தின் டூன்ரே உலையில் கதிர்வீச்சுக்கு ஆளான எஃகில் கண்ட இந்தக் குமிழிகளைப் பற்றி, காதர்ன், ஃபுல்டன் இருவரும் 1967இல் எழுதினார்கள். கல்பாக்கத்தின் 500 மெகாவாட் உலைக்கு டைட்டானியம் சேர்த்த டி9 எஃகு வந்ததில் இந்தப் பயத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

இதைக் கணினியில் முன்கூட்டியே பார்க்க மாலிகுலர் டைனமிக்ஸ் போதுமா? போதாது. ஒவ்வொரு அணுவையும் ஃபெம்டோநொடி கணக்கில் நகர்த்துவதால், நானோநொடிகளைத் தாண்டுவதற்குள் மூச்சு முட்டிவிடும். குழாயோ ஆண்டுக்கணக்கில் உலையில் இருக்கிறது. ஆனாலும் இதைத் தள்ளிவிட முடியாது. நியூட்ரான் மோதலில் அணுக்கள் இடம்பெயர்வதால் பிறக்கும் குறைகள் பலவும் சில பிக்கோநொடிகளில் தாமாகவே சரியாகி, இடம்பெயரும் அணுக்களை எண்ணப் பயன்படும் 1975ஆம் ஆண்டுச் சூத்திரம் (என்ஆர்டி) சொல்லும் எண்ணிக்கையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும் என்று காட்டியது இதுதான்.

அடுத்தது ஃபேஸ் ஃபீல்டு: அணுக்களுக்குப் பதில், எங்கே குமிழி, எங்கே உலோகம் என்பதைத் தொடர்ச்சியான புலமாக வைத்துக் கணக்கிடும் முறை. இதன் படங்கள் அழகாக இருக்கும், கருத்தரங்கில் கைதட்டலும் கிடைக்கும். குமிழி எங்கே முளைக்க வேண்டும் என்பதைப் பல நேரம் நாமே உள்ளே போட்டுவிடுகிறோம் என்பதுதான் எனக்கு உறுத்தல்.

உப்பலுக்கு என் ஓட்டு கிளஸ்டர் டைனமிக்ஸுக்கு. இதில் அணுக்களே கிடையாது. இத்தனை காலியிடம் (அணு இல்லாமல் போன இடம்) சேர்ந்த கொத்து இத்தனை என்று எண்ணிக்கைகளும் அவற்றுக்கான சமன்பாடுகளும்தான். அதனால் ஆண்டுகளை எளிதில் கடக்கும். இன்னொரு வசதி: அயனிக் கற்றையால் சில மணி நேரத்தில் எஃகை அடித்துப் பார்க்கும்போது சேதம் வேகமாக ஏறுவதால், உப்பல் உச்சம் தொடும் வெப்பநிலை மேலே நகர்ந்துவிடுகிறது. அந்த அளவீட்டை உலை நிலைமைக்கு மாற்றிப் படிக்க இந்த முறை கைகொடுக்கும். ஆனால் எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது இதற்குத் தெரியாது. உலையைச் சுற்றியுள்ள அழுத்தக்கலனின் எஃகில் செம்பு அணுக்கள் கூடிக் கட்டியாவது போன்ற விஷயத்துக்கு அந்த இட விவரம் வேண்டும். அங்கே அணுக்களின் நகர்வைத் தாவல் தாவலாகக் கணக்கிடும் கைனடிக் மான்டி கார்லோவே மேல். என்ன, தாவலுக்கான ஆற்றல் தடை சின்னதாக இருக்கும் இடங்களில் ஒரே அணு முன்னும் பின்னும் தாவிக்கொண்டே கணினி நேரத்தைத் தின்னும்.

அப்புறம், கிளஸ்டர் டைனமிக்ஸ் முடிவு எதைப் படித்தாலும், இடப்பிறழ்வுகள் (படிகத்தில் அணு வரிசை பிசகிய கோடுகள்) இடைச்செருகல் அணுக்களை (வரிசைக்கு இடையே திணிந்தவை) காலியிடங்களைவிடக் கூடுதலாக இழுக்கும் அளவுக்கு என்ன எண் கொடுத்திருக்கிறார்கள் என்று முதலில் தேடுங்கள். அதில் சிறிது மாறினாலும் உப்பல் நிறையவே மாறும். வேறொரு எஃகின் உப்பலோடு பொருத்தி எடுத்த எண் என்றால், டி9க்கு அதை அப்படியே நம்ப மாட்டேன்.