500 கிரேடு தகடு என்று சொல்லி சாதா இரும்பை விற்றான்: டிராக்டர் பிளேடு வைத்திருப்பவர்கள் கவனம்

18,400 ரூபாய் போயிற்று. ஆன்லைனில் தகடு விற்றவன் அதை அவனாகத் திருப்பித் தரமாட்டான் என்பது நேற்று ராத்திரி உறுதியாகிவிட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். சூரியநெல்லி, பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் மினி டிராக்டரில் முன் பிளேடு மாட்டி மண் தள்ளுகிறவர்கள் கட்டாயம் படியுங்கள். மலைக்குக் கீழே போடி, தேனி ஆட்களும்தான். விளம்பரம் தமிழில்தான் வருகிறது.

தெரியாதவர்களுக்கு: பிளேடின் அடியில் போல்ட் போட்டு மாட்டும் பட்டைக்குக் கட்டிங் எட்ஜ் என்று பெயர். தரையோடு உரசித் தேய வேண்டியது அதுதான், பிளேடு தேயக் கூடாது. ஜூனில் மழை இறங்கினால் ஏலத்தோட்ட ரோட்டிலும் ஹோம்ஸ்டே வழிகளிலும் மேட்டு மண் சரிந்து கிடக்கும். ஜேசிபி கூப்பிடும் அளவுக்கு இல்லாத சரிவுக்கெல்லாம் என் வண்டியைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் மண்ணில் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) அதிகம். சாதா இரும்பை விட அது கடினமானது. அதனால் எட்ஜ் எந்த இரும்பு என்பதில்தான் எங்கள் பிழைப்பே இருக்கிறது.

பழைய எட்ஜ் இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டுத் தேய்ந்து முடிந்ததும், வியாபாரியையும் வாங்குகிறவனையும் கோர்த்துவிடும் ஓர் ஆன்லைன் தளத்தில் தேடினேன். பெயர் போடவில்லை. வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் சொல்ல இன்னொரு 18,400 என்னிடம் இல்லை. எட்ஜ் வேண்டும் என்று விலை கேட்டுப் போட்ட கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. கடைக்காரன் நல்ல தமிழ் பேசினான். "அண்ணே, வண்டி எத்தனை எச்பி? தள்ளுறது மண் ரோடா, கான்கிரீட்டா, இன்டர்லாக் கல்லா? போல்ட் ஓட்டை சென்டர் டு சென்டர் எவ்வளவு?" இப்படிக் கேட்கிறவனை யார் சந்தேகப்படுவார்கள்?

அவன் கடைப் பக்கத்தில் ரப்பர் எட்ஜ், வெள்ளை பிளாஸ்டிக் எட்ஜ் எல்லாம் படம் போட்டிருந்தான். அது என்ன என்று கேட்டேன். "அது பனி தள்ளுறதுக்கு அண்ணே. கனடா, அமெரிக்காவுல சின்ன யூட்டிலிட்டி வண்டி முன்னாடி பிளேடு மாட்டி வாசல்ல விழுந்த பனியைத் தள்ளுவாங்க. பிளாஸ்டிக்குல ஈரப் பனி ஒட்டாது, வாசல் கல்லும் கீறாது. ரப்பர் தண்ணி கலந்த பனியை நல்லா வழிக்கும், ஆனா இறுகின ஐஸைச் சுரண்டாது. அதுக்கு ஸ்டீல்தான். உங்க ஊர்ச் சரளையில பிளாஸ்டிக் போட்டா ஒரு மழைக்குத் தாங்காது, வாங்காதீங்க" என்றான். தன் சரக்கையே வாங்காதே என்கிறான்! அந்த இடத்தில்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை என்பதுதான் கொடுமை. விஷயம் தெரிந்த திருடன்.

அப்புறம் இரும்புக்கு வந்தான். இரும்பின் கடினத்தை அளக்கும் பிரினெல் எண்ணில் சாதா மைல்ட் ஸ்டீல் 120, 150 தான் வரும், ஹை கார்பன் 250, 300 வரும், கடினப்படுத்திய 500 கிரேடு தகடு 470 முதல் 530 வரை நிற்கும் என்றான். இதுவும் சரிதான், பிறகு வேறு இடத்தில் பார்த்தேன். அந்த வகைத் தகட்டில் ஹார்டாக்ஸ் என்பது ஒரு பிராண்ட். "உங்களுக்கு ஒரிஜினல் ஹார்டாக்ஸ் 500 தர்றேன், 16 மில்லி, ஆறடி நீளம், ஆறு இஞ்ச் அகலம். ஓட்டை கேஸ் கட்டர்ல போட மாட்டோம், டிரில்தான். 250 டிகிரிக்கு மேல சூடாச்சுன்னா கடினம் இறங்கிடும்ணே." டெஸ்ட் சர்டிபிகேட் வாட்ஸ்அப்பில் வந்தது, தகடு எந்த உருக்கில் வந்தது என்று காட்டும் ஹீட் நம்பரோடு. இரும்பு கடினம் என்று காட்ட, தகட்டின் மேல் அரம் கடிக்காமல் வழுக்குகிற வீடியோவும் வந்தது. தளத்தில் அவன் பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்று பச்சை டிக். எட்ஜ், போல்ட், சறுக்குக் கட்டை இரண்டு, லாரி வாடகை எல்லாம் சேர்த்து 18,400. பாதி முன்பணம் என்று பேசி, பாதி அனுப்பிய பிறகு "தகடு கட் பண்ணியாச்சு, லாரி நிக்குது, மீதியும் போட்டா இப்பவே ஏத்திடுவேன்" என்றான். மழை தலைக்கு மேல் நிற்கிறது. போட்டேன்.

வந்தது மஞ்சள் பெயின்ட் அடித்த, பளபளவென்ற ஒரு தகடு. மேலே 500 என்று ஸ்டிக்கர். ஆனி மழையில் முதல் சரிவுகளைத் தள்ளிய உடனேயே நடுவில் அலை அலையாகத் தேய ஆரம்பித்தது. வெங்கச்சங்கல் கிடந்த இடத்தில் போல்ட் தலை வரை போய்விட்டது. கழற்றுவதற்குள் பிளேடின் அடி உதட்டையும் தின்றுவிட்டது. அந்தச் செலவு தனி.

போடிக்கு எடுத்துப் போனேன். லேத்காரர் அரத்தை வைத்தார், சரக்கென்று கடித்தது. கிரைண்டரில் பிடித்தால் பொறி வெடித்துச் சிதறவே இல்லை, நீளக் கோடாகத்தான் போனது. ஹை கார்பன் என்றால் பொறி வெடிக்கும். இது அது கூடக் கிடையாது. தேயாத மேல் பக்கத்தில் வெர்னியர் வைத்தால் 12 மில்லி. பெயின்ட்டைச் சுரண்டினால் ஓட்டையெல்லாம் கேஸில் வெட்டியது, விளிம்பு அப்படியே சொரசொரவென்று நிற்கிறது. "யார்கிட்ட தம்பி வாங்கினே?" என்றார். என்ன சொல்ல.

அதற்குப் பிறகு அவன் சொன்ன பதில்களைக் கேளுங்கள். முதலில் "பார்சல்ல மாறியிருக்கும் அண்ணே, போட்டோ அனுப்புங்க." அனுப்பினேன். "ஓட்டினவர் பிளேடை அழுத்தி ஓட்டியிருக்கார்." ஓட்டினவன் நான்தான் ஐயா. "உங்க ஊர்க் கல்லு அப்படி." அந்தக் கல்லைச் சொல்லித்தானே 500 கிரேடை என் தலையில் கட்டினாய்! "தேய்மானத்துக்கு வாரண்டி கிடையாது." 12 மில்லி கூடவா தேய்மானம்? அதற்கு மட்டும் பதில் இல்லை. பிறகு "ஓனர் ஊர்ல இல்லை." அதுவரை அவன்தான் ஓனர் என்று நினைத்திருந்தேன். நேற்று ராத்திரி என் நம்பரைத் தடுத்துவிட்டான்.

தளத்துக்காரர்கள் இன்னும் மோசம். "நாங்கள் இணைத்து மட்டும் வைக்கிறோம், பரிவர்த்தனைக்குப் பொறுப்பில்லை" என்று ஒரே பதிலை ஒட்டி ஒட்டி அனுப்பினார்கள். கடைசியில் புகாரின் மேல் 'தீர்க்கப்பட்டது' என்று போட்டு மூடிவிட்டார்கள். யாருக்குத் தீர்ந்தது? அப்படியானால் பச்சை டிக் எதற்கு? போலீஸ் ஸ்டேஷனில் மரியாதையாகத்தான் பேசினார்கள், "இது சிவிலாணு சேட்டா" (இது சிவில் விவகாரம் அண்ணே) என்று அனுப்பிவிட்டார்கள். ஆன்லைன் மோசடிப் புகார் எண் 1930க்கும் அழைத்துப் பதிவு செய்தேன். பேங்கில் "நீங்களே பின் போட்டு அனுப்பின பணம்" என்கிறார்கள். ஆக 18,400க்கும் பொறுப்பாளி யாரும் கிடையாது.

நுகர்வோர் கமிஷனில் வழக்குப் போடப் போகிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவன் ஊருக்குப் போக வேண்டியதில்லை, நாம் இருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 5 லட்சம் வரைக்குமான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பிழைப்புக்காக நாமே ஓட்டும் வண்டிக்கு வாங்கியதும் அதில் அடங்கும். ஜிஎஸ்டி பில் அனுப்புகிறேன் என்று சொல்லி 'எஸ்டிமேட்' என்று எழுதிய துண்டுச் சீட்டைத்தான் பார்சலில் வைத்திருந்தான். யுபிஐ ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் பத்திரமாக இருக்கின்றன.

எட்ஜ் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்கு மனசும் இல்லை, நேரமும் இல்லை. சுருக்கமாக: ஆறடிக்கு ஆறு இஞ்ச் 16 மில்லி தகடு ஓட்டைக்குக் கழித்தாலும் 35 கிலோவை ஒட்டி வர வேண்டும், 26 கிலோ வந்தால் அது 12 மில்லி. ஏலக்காய்க் கடைத் தராசிலேயே போட்டுப் பார்த்துவிடலாம். லாரிக்காரன் நிற்கும்போதே பெயின்ட்டைச் சுரண்டி அரம் போடுங்கள். சர்டிபிகேட்டில் இருக்கும் ஹீட் நம்பர் தகட்டின் மேலும் அடித்திருக்க வேண்டும், ஸ்டிக்கர் கணக்கில்லை. சரக்கைப் பார்க்காமல் மீதிப் பணம் போடாதீர்கள், லாரி நிற்கட்டும். இன்டர்லாக் கல் போட்ட ரிசார்ட் வாசலுக்கு மட்டும் வேலை என்றால் ரப்பரே போதும், இந்த 500 கதைக்கே போக வேண்டாம். ரோடு சமப்படுத்தும் கிரேடர் வண்டியின் பழைய எட்ஜ் தேனிப் பக்கம் இரும்புக் கடையில் கிடைத்தால் வெட்டிப் போட்டுக்கொள்ளலாம், நானும் இப்போதைக்கு அதைத்தான் தேடுகிறேன். யாரிடமாவது ஆறடித் துண்டு இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து அரம் போட்டுப் பார்த்துக் காசு தருகிறேன்.