எம்3-இன் பின்பக்க ட்ரெய்லிங் ஆர்ம் புஷ்: பாலி போட்டுக் கழற்றி, ரப்பருக்குத் திரும்பிய அனுபவம்

என்னிடம் இருப்பது 2004-ஆம் வருஷத்து பிஎம்டபிள்யூ எம்3, ஈ46 மாடல். மூன்று முறை வீல் அலைன்மென்ட் செய்தும் அதில் ஒரு கோளாறு போகவில்லை. நூறைத் தாண்டிப் போகும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் காரின் பின்பக்கம் இடதுபுறமாக லேசாக நகரும். திரும்ப மிதித்தால் தன் இடத்துக்கு வந்துவிடும். ஸ்டீயரிங்கை நான் தொடவே இல்லை, ஆனாலும் பின்சக்கரம் தானாகத் திரும்புவது இடுப்பில் தெரியும். அலைன்மென்ட் சீட்டைப் பார்த்தால் எல்லாக் கட்டமும் பச்சை. பின் டயர்களோ உள் ஓரத்தில் மட்டும் கம்பி தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தன.

அலைன்மென்ட் மெஷின் பொய் சொல்லவில்லை. அது நிற்கிற காரை அளக்கிறது, அவ்வளவுதான். ஓடும்போது, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் எங்கே போகிறது என்பது அந்தச் சீட்டில் வராது. இருபது வருஷமாக இந்த மாடல்களையே பார்த்துவரும் மெக்கானிக் அண்ணன் ஒருவர் காரை லிஃப்டில் ஏற்றி, ட்ரெய்லிங் ஆர்முக்கும் அதன் பிராக்கெட்டுக்கும் நடுவில் லிவரை விட்டு நெம்பிக் காட்டினார். வலதுபக்கம் கொஞ்சம் அசைந்தது. இடதுபக்கம் நெம்பியபோது ஆர்ம் முழுசாக பக்கவாட்டில் நகர்ந்து "டொக்" என்று இடித்தது. "புஷ் போச்சு தம்பி, இதை வச்சுக்கிட்டு எத்தனை தடவை அலைன்மென்ட் பண்ணினாலும் நிக்காது" என்றார்.

இந்த புஷ் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஈ46-இல் பின்சக்கரத்திலிருந்து முன்பக்கமாக நீண்டு வந்து காரின் அடித்தளத்தைத் தொடுகிற கைதான் ட்ரெய்லிங் ஆர்ம். அதன் முன்முனையில், உள்ளங்கையில் அடங்குகிற அளவில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ரப்பர் புஷ்கள், அதாவது இணைப்பில் மெத்தை மாதிரி உட்காரும் உருளைகள். எம்3-இன் 3.2 லிட்டர் என்ஜின் 343 குதிரைத்திறன், 365 நியூட்டன் மீட்டர் டார்க் தருகிறது. அது சக்கரத்துக்குப் போய், சக்கரம் ரோட்டைத் தள்ளி, அந்தத் தள்ளல் காரை முன்னால் கொண்டுபோகிறதே, அது உடம்புக்குள் வந்துசேர்வது பெரும்பாலும் இந்த இரண்டு ரப்பர் துண்டுகள் வழியாகத்தான். பிரேக் பிடித்தால் அதே பாதையில் எதிர்த்திசையில் இழுக்கும்.

காலை எடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் வருகிற பின்னிழுப்பு டயரின் அடியில், அதாவது ஆர்முக்கு வெளிப்பக்கமாக விழுகிறது. அதனால் ஆர்மின் முன்முனை வெளிப்பக்கமாகப் போகப் பார்க்கும், சக்கரம் டோ அவுட் பக்கம், அதாவது அதன் முன்விளிம்பு வெளியே பார்க்கிற மாதிரி திரும்பும். அதைத் தடுக்க வேண்டியது இந்த புஷ். இரண்டு பக்கமும் ஒரே அளவு நைந்திருந்தால் கார் நேராகவே மிதப்பது போல இருந்திருக்கும். என் காரில் இடதுபக்கம் அதிகம் போய்விட்டதால் பின்பக்கம் இடதுபுறம் நகர்ந்தது. காரணம் புரிந்தபிறகு அதே ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். காலை எடுத்ததும் நடப்பது அப்படியே கண்ணுக்குத் தெரிவது போல இருந்தது.

சரி, எதை மாற்றிப் போடுவது? வழி மூன்று: அதே மாதிரி ரப்பர், கெட்டியான பாலியூரிதேன், அப்புறம் முழுக்க உலோகமான ஸ்பெரிக்கல் பேரிங். நான் முதலில் பாலிக்குப் போனேன். அப்போது எனக்கிருந்த எண்ணம் எளிமையானது: ரப்பர் மெத்தென்று இருந்ததால்தானே போனது, கெட்டியாகப் போட்டால் போகாது. பாலி புஷ்களை ஷோர் ஏ என்கிற, ரப்பர் போன்ற பொருட்களின் கடினத்தை அளக்கும் அளவுகோலில் எண் சொல்லி விற்பார்கள். உதாரணமாக, பவர்ஃப்ளெக்ஸ் என்ற பிராண்டில் ஊதா நிறம் 80, கறுப்பு 95. எண் ஏற ஏற நல்லது என்று மனசு தானாகவே நினைத்துக்கொள்கிறது. நான் வாங்கியது வேறு பிராண்ட், பெயர் வேண்டாம். அதிலும் கெட்டியான ரகத்தையே எடுத்தேன்.

முதல் இரண்டு மாதம் நன்றாகவே இருந்தது. பின்பக்கம் நகர்வது நின்றது, திருப்பங்களில் கார் சட்டென்று உட்கார்ந்தது. மூன்றாவது மாதம் காலையில் காரை எடுக்கும்போது பழைய கதவுக் கீல் மாதிரி ஒரு கிரீச் சத்தம். கிரீஸ் போட்டால் பத்து நாள் தாங்கும், பிறகு திரும்பி வரும். சத்தத்தைக்கூட விட்டுவிடலாம். எனக்குப் பிடிக்காமல் போனது வேறு. ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறி இறங்கும்போது பின்பக்கம் விறைத்துக்கொண்டு, ஒரு கணம் ஸ்பிரிங்கே இல்லாதது போல உடம்பு முழுக்கத் தூக்கிப்போட்டது. திருப்பத்தின் நடுவில் அப்படி ஒரு மேடு வந்தால் பின் டயர் பிடியை விட்டுப் பிடிப்பது தெளிவாகத் தெரிந்தது. வேகமாக ஓட்டுவதற்காகப் போட்ட பொருள் வேகமாக ஓட்டும்போதுதான் நம்பிக்கையைக் குறைத்தது.

கழற்றிப் பார்த்தபோது விஷயம் கையிலேயே கிடைத்தது. வட்டமாக இருந்திருக்க வேண்டிய பாலியின் விளிம்பு, ஒரு பக்கம் மேலேயும் எதிர்ப்பக்கம் கீழேயுமாக நசுங்கி, பளபளவென்று தேய்ந்திருந்தது. இந்த ஆர்ம் வெறும் கதவு மாதிரி மேலும் கீழும் ஆடுகிற ஆர்ம் அல்ல. சக்கரத்தை மேலும் கீழுமாக இரண்டு குறுக்குக் கைகள் பிடித்திருக்கின்றன. சக்கரம் மேலே போகும்போது அவை தங்கள் வட்டப்பாதையில் போவதால் ட்ரெய்லிங் ஆர்மின் பின்முனையையும் கொஞ்சம் உள்ளே இழுக்கும், முறுக்கும். ஆக முன்முனை புஷ் சுழல வேண்டும், கூடவே எல்லாப் பக்கமும் சாய்ந்தும் கொடுக்க வேண்டும். பாலி தன் நடுவில் இருக்கிற ஸ்லீவின் (உலோகக் குழாயின்) மேல் நன்றாகச் சுழலும். சாய மாட்டேன் என்று அடம் பிடிக்கும். அந்த அடம்தான் நான் மேட்டில் உணர்ந்த விறைப்பு. சப்ஃப்ரேம் (பின் சஸ்பென்ஷனைத் தாங்குகிற சட்டம்) புஷ், டிஃபரன்ஷியல் புஷ் போன்ற சாய வேண்டிய தேவையே இல்லாத இடங்களில் பாலி அருமையான பொருள் என்று இன்றும் சொல்வேன். குறை பாலியில் இல்லை, அதை நான் வைத்த இடத்தில்.

ஸ்பெரிக்கல் பேரிங் போட்ட நண்பரின் காரில் ஒரு நாள் முழுக்க ட்ராக்கில் ஓட்டினேன். அது வேறு உலகம். எந்தப் பக்கமும் சாயும், ஆனால் இடத்தைவிட்டு ஒரு நூல் நகராது. காலை எடுத்தாலும், பிரேக்கை மிதித்தாலும், மறுபடி கொடுத்தாலும் பின்பக்கம் ஒரே சொல் பேசியது. திரும்பி வருகிற வழியில் சாதாரண ரோட்டில் ஒவ்வொரு கல்லும் சீட்டுக்கு அடியில் கேட்டது. மண்ணும் தண்ணீரும் பேரிங்குக்குள் போனால் அது தேய்ந்து இடிக்க ஆரம்பிக்கும், அவ்வப்போது பார்த்து மாற்ற வேண்டும். ட்ராக்குக்கென்றே வைத்திருக்கிற காருக்கு இதைத் தாண்டி வேறு எதையும் யோசிக்க வேண்டாம். என் கார் வாரம் முழுக்க ரோட்டில் ஓடி, வருஷத்தில் நாலைந்து நாள் மட்டும் ட்ராக்குக்குப் போவது.

கடைசியில் நான் போட்டது லெம்ஃபோர்டர் கம்பெனியின் ரப்பர் புஷ், இரண்டு பக்கமும் லிமிட்டர் வாஷர்களோடு. ஈ46 வைத்திருப்பவர்களுக்கு இந்த லிமிட்டர் தெரிந்த பொருள்தான். புஷ்ஷின் ரப்பருக்கும் பிராக்கெட்டுக்கும் இருக்கிற இடைவெளியில், பக்கத்துக்கு ஒன்றாக உட்காரும் கெட்டி பிளாஸ்டிக் வளையம். சுழல்வதையும் சாய்வதையும் ரப்பர் பார்த்துக்கொள்கிறது. ஆர்ம் பக்கவாட்டில் ஓடப் பார்த்தால் லிமிட்டர் மறிக்கிறது. என் கோளாறு முழுவதும் அந்தப் பக்கவாட்டு ஓட்டம்தான், ஆகவே மருந்து சரியாக நோயின் மேல் விழுந்தது. லிமிட்டர் சாய்வையும் ஓரளவு குறைக்கத்தான் செய்யும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாலியின் விறைப்பு வேறு, இது வேறு. முதல் மேட்டிலேயே தெரிந்துவிட்டது.

இனி மாட்டுகிற வேலை. இங்கேதான் நல்ல புஷ்கள் அநியாயமாகச் சாகின்றன என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ரப்பர் புஷ்ஷில் வெளி உறை, ரப்பர், உள் ஸ்லீவ் மூன்றும் ஒன்றாக ஒட்டியிருக்கும். அது உருள்வதில்லை, ரப்பரே முறுகிக் கொடுக்கிறது. ஆர்ம் தொங்குகிற நிலையில் நடு போல்ட்டை இறுக்கிவிட்டு காரைக் கீழே இறக்கினால், கார் சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுகியிருக்கும். அந்த நிலையில் ஓடி ஓடி சீக்கிரமே கிழியும். மற்ற புஷ்களுக்கு, சக்கரத்தைத் தரையில் வைத்து இறுக்கு என்பார்கள். இதில் அது முடியாது, ஏனென்றால் பிராக்கெட்டைக் காரில் மாட்டியபிறகு நடு போல்ட்டுக்கு ஸ்பேனர் போகாது. அதனால் பிராக்கெட்டுக்கும் ஆர்முக்கும் உள்ள கோணத்தை முன்கூட்டியே வைத்து, வெளியிலேயே இறுக்கி, அப்புறம் மேலே தள்ளி மாட்ட வேண்டும். இதற்கென்றே கம்பெனி கருவி உண்டு. அண்ணனிடம் அது இருந்தது. இல்லாதவர்கள், கார் தன் நான்கு சக்கரத்தில் நிற்கும்போதே அந்தக் கோணத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிராக்கெட்டை அடித்தளத்தில் பிடிப்பது மூன்று போல்ட். அந்தத் துளைகள் நீளவாக்கில் இருக்கும், பின்பக்க டோ சரிசெய்வதே பிராக்கெட்டை அதில் நகர்த்தித்தான். கழற்றும் முன் பழைய இடத்தைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டால், அலைன்மென்ட் கடை வரைக்கும் ஒழுங்காக ஓட்டிப் போகலாம். ஆர்மைக் கீழே இறக்கும்போது பிரேக் பைப்பை அதன் பிடியிலிருந்து விடுவிக்க மறக்காதீர்கள். ஆர்மின் எடையை அந்தப் பைப் தாங்கக் கூடாது. பழைய புஷ்ஷை இழுக்கவும் புதியதை ஏற்றவும் ஸ்க்ரூ போட்ட புல்லர் போதும், சுத்தியல் வேண்டாம். வழுக்கலுக்கு சோப்புத் தண்ணீர் போடுங்கள். பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

வெளியே வந்த இடதுபக்கத்து பழைய ரப்பரை, பாலிக்கு மாறியபோதே எடுத்து வைத்திருந்தேன். அதைப் புதியதோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். புதியதில் உள் ஸ்லீவைக் கட்டைவிரலால் அழுத்தினால் அசைய மறுக்கிறது. பழையதில் ரப்பர் ஸ்லீவிலிருந்து பாதி வட்டத்துக்கு விட்டுப்போய், இடுக்கில் கறுப்புப் பொடி. வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது இது எதுவும் தெரியவில்லை. விரிசல் இல்லையே, புஷ் நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம், நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஈ46-இல் பின் சப்ஃப்ரேம் பிடிக்கிற அடித்தளத் தகடு விரிசல் விடுவது ஊரறிந்த பலவீனம். புஷ் வேலைக்கு எப்படியும் காரைத் தூக்கப் போகிறோம். அப்போதே அந்த நான்கு இடத்தையும் துடைத்து, வெளிச்சம் போட்டுப் பாருங்கள். விரிசல் இருந்தால் முதலில் வெல்டிங்கும் பலப்படுத்தலும், அப்புறம்தான் எந்த புஷ்ஷும். சப்ஃப்ரேமுக்குக் கெட்டி புஷ் போட நினைப்பவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். என் காரில் விரிசல் இல்லை. ஆர்மின் வெளிமுனை பால் ஜாயிண்ட்கள் மட்டும் லூஸாக இருந்தன, அவற்றையும் கையோடு மாற்றினேன்.

மாற்றிய அன்று மாலையே வழக்கமான ரோட்டில் போனேன். நூற்றுப் பத்தில் காலை எடுத்தேன். கார் வேகம் குறைந்தது, வேறு ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒன்றும் நடக்காததற்காக எத்தனை நாள் காத்திருந்தேன்! பாலி தூக்கிப்போட்ட அதே மேட்டில் இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கின. பாலியில் இருந்த அந்த முதல் கணத்துக் கூர்மை கொஞ்சம் குறைவுதான். திருப்பத்துக்குள் திருப்பிவிட்டால் கார் அரை நொடி யோசித்து உட்காருகிறது. அதன்பின் எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கிறது.

இப்போது பதினாறாயிரம் கிலோமீட்டர், மூன்று ட்ராக் நாட்கள் ஆகிவிட்டன. போன வாரம் டயர் மாற்றும்போது அண்ணன் மறுபடி லிவரை விட்டு நெம்பினார். அசைவு இல்லை. பின் டயர்கள் உள் ஓரமும் வெளி ஓரமும் கிட்டத்தட்ட ஒரே ஆழம். லிமிட்டர் வளையங்களின் ஓரத்தில் மட்டும் லேசான பளபளப்பு, நகத்தால் கீறினால் தட்டுப்படுகிற அளவுக்குப் பள்ளம் இல்லை. அடுத்த இருபதாயிரத்தில் திரும்ப நெம்பிப் பார்க்க வேண்டும் என்று சர்வீஸ் புத்தகத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.