ஜூனோ 106 ரிப்பேருக்குக் கொடுக்கிறீர்களா? முதலில் மூடியைத் திறந்து போட்டோ எடுங்கள்

பழைய சிந்தசைசர் (மின்னணுக் கீபோர்டு) வைத்திருப்பவர்கள், குறிப்பாக ரோலண்ட் ஜூனோ 106 வைத்திருப்பவர்கள், யாரிடம் கொடுத்தாலும் சரி, கொடுக்கும் முன் உள்ளே இருக்கும் ஆறு மாட்யூலையும், அதாவது ஒலியை உண்டாக்கும் சின்னச் சர்க்யூட் பலகைகளை, கிட்டத்தில் போட்டோ எடுத்துவிடுங்கள். நான் எடுத்திருந்தேன். புத்திசாலித்தனத்தால் இல்லை, தூசி தட்டத் திறந்தபோது சும்மா எடுத்தது. அது மட்டும் இல்லையென்றால் 16,000 ரூபாய் எப்படிப் போனது என்பதே தெரிந்திருக்காது, ரிப்பேர் பார்த்த ஆளுக்கு இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருப்பேன்.

நான் கும்பகோணம் பக்கத்துக் கிராமம். வேலை வேறு. திருவிழாக் கச்சேரிகளில் ஒரு காலத்தில் வாசித்துவிட்டுப் பரணில் ஏறிய கீபோர்டுகளை வாங்கி, பிரித்து, கான்டாக்ட் துடைத்து, மறுபடி பேச வைப்பது பல வருடப் பழக்கம். ஜூனோ மட்டும் கைக்கு எட்டாத ஆசையாகவே இருந்தது. 1984-ல் வந்த பெட்டி, 61 கீ, ஆறு குரல், அதாவது ஒரே நேரத்தில் ஆறு சுரம்தான் ஒலிக்கும்.

வாங்கியதிலேயே முதல் அடி விழுந்தது. விற்றவர் அனுப்பிய வீடியோவில் கோரஸை (ஒலியைத் தடிமனாக்கும் எஃபெக்ட்) போட்டுவிட்டு இரண்டு கையாலும் கார்டு கார்டாக, அதாவது பல சுரங்களைச் சேர்த்துச் சேர்த்து, அமுக்கினார். தேனாகக் கேட்டது, மயங்கிவிட்டேன். எங்கள் பெரியப்பா நாகஸ்வரக்காரர். திருவாவடுதுறைக்குச் சீவாளி வாங்கப் போனால் ஒவ்வொன்றாக வாயில் வைத்து ஊதிப் பார்ப்பார், பாதி நாள் அதிலேயே போய்விடும், கூடப் போன எனக்குப் பசி உயிர் போகும். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான், ஒரு கார்டு வீடியோவை நம்பிப் பணம் அனுப்பினேன். பஜனையில் பத்துப் பேரோடு நின்று வாயை மட்டும் அசைக்கிறவனை எங்கே கண்டுபிடிப்பது?

பார்சல் ஆபீஸிலிருந்து எடுத்து வந்ததும் முதல் வேலையாகப் பின்பக்கம் வோல்டேஜ் பார்த்தேன். நல்லவேளை, 100 வோல்ட் இல்லை. ஜப்பான் உள்ளூர் மாடலாக இருந்து நம் 230-ல் நேராகச் சொருகியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். அப்புறம் கீ டிரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கிக்கொண்டே பவர் போட்டேன். அப்படிச் செய்தால் டெஸ்ட் மோடு வரும், ஒவ்வொரு தடவை கீயைத் தொடும்போதும் எத்தனையாவது குரல் பேசுகிறது என்று டிஸ்பிளேயில் எண் காட்டும். 2 வந்தபோது சத்தமே இல்லை. 5 வந்தபோது கடகடவென்று ஒரு சத்தம், கையை எடுத்த பிறகும் முனகல். விற்றவர் அதோடு போனை எடுக்கவில்லை. அதை விடுங்கள், அது என் அவசரம்.

இந்தப் பெட்டியில் இது ஊரறிந்த வியாதிதான். ஒவ்வொரு குரலுக்கும் 80017ஏ என்று ஒரு மாட்யூல் உண்டு, ஃபில்டரும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பகுதியும் அதற்குள் இருக்கின்றன. சின்னப் பீங்கான் பலகை, அதன்மேல் கறுப்பு எபாக்ஸிப் பூச்சு. வருடங்கள் ஆக ஆகப் பாதுகாப்புக்குப் பூசிய அந்தப் பூச்சே மின்சாரத்தைக் கசியவிட ஆரம்பித்துவிடும். மாட்யூலைக் கழற்றி அசிட்டோனில் இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டு, இளகிய பூச்சை உரித்து, திரும்ப மாட்டினால் பல சமயம் பிழைத்துக்கொள்ளும். செலவு ஒரு பாட்டில் அசிட்டோன். எனக்கே இது தெரியும். ஆனால் நாற்பது வருடப் போர்டில் கை வைக்கப் பயம், கால்களைச் சால்டர் செய்யும் செம்புப் பேடு பெயர்ந்து வந்துவிட்டால் தீர்ந்தது. அது குறுவை நேரம் வேறு, பம்புசெட்டுகள் ஓட ஆரம்பித்தால் எங்கள் தெருவில் வோல்டேஜ் தரை தட்டிவிடும், சால்டரிங் அயர்ன் பாதிச் சூட்டிலேயே நிற்கும்.

அதனால் டெல்டாவிலேயே வேறொரு ஊரில் இருக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். ஊரும் பேரும் இங்கே எழுதப் போவதில்லை. "அண்ணே, அசிட்டோனெல்லாம் நாலு நாள் வைத்தியம். வெளிநாட்டுலேர்ந்து புது மாட்யூல் வரவழைச்சுப் போட்டுடுவோம்" என்றார். ஒன்று 6,500, இரண்டு வேண்டும், கூலி 3,000. ஒரிஜினலுக்குப் பதிலாகப் புது மாட்யூல்களை வெளிநாட்டில் செய்து விற்பது உண்மைதான், அதனால் சந்தேகம் வரவில்லை. பொய்யில் முக்கால்வாசி உண்மையாக இருந்தால் யார் சந்தேகப்படுவார்கள்?

மூன்று வாரத்தில் பெட்டி வந்தது. ஆறு குரலும் பாடின. பழைய மாட்யூல் இரண்டையும் கொடுங்கள் என்று கேட்டேன், "அது எதுக்குண்ணே, குப்பையில போட்டாச்சு" என்றார். எங்கள் ஊர் மோட்டார் மெக்கானிக் தேய்ந்துபோன பேரிங்கைக் கூடப் பேப்பரில் சுற்றி நம் கையில் கொடுப்பார். அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும். பில் கேட்டதற்கு, பில் என்றால் ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்ந்துவிடும் என்றார், நானும் அப்படியானால் வேண்டாம் என்றேன். ஆமாம், அதில் என் கஞ்சத்தனமும் உண்டு.

ஒரு மாதம் ஓடியது. நான்காவது குரல் கரகரக்க ஆரம்பித்தது. நான் கொடுக்கும்போது ஒரு குறையும் இல்லாத குரல் அது! திறந்தேன். "புது" மாட்யூல் இரண்டும் மையிட்ட மாதிரி பளபளவென்று இருந்தன. நகத்தால் சுரண்டினால் கறுப்புப் பெயின்ட் உரிந்து வந்தது, அடியில் அதே பழைய பீங்கான், கால்களின் இடுக்கில் பழைய எபாக்ஸித் துணுக்குகள். புதிதாகச் செய்து விற்கிறார்களே, அவை நான் படத்தில் பார்த்தவரை சாதாரண சர்க்யூட் போர்டில் பொடிப்பொடிப் பாகங்களோடு இருக்கும், பீங்கானில் வராது. ஆக, என் மாட்யூலையே அசிட்டோனில் ஊறவைத்து, பெயின்ட் அடித்து, 13,000 வாங்கியிருக்கிறார். நாலு நாள் வைத்தியம் என்று சொன்னாரே, அதையேதான் செய்திருக்கிறார்.

அதைக்கூடத் திறமைக்குக் கூலி என்று விட்டுவிடலாம். நான்காவது இடம்தான் வயிறெரிய வைத்தது. நான் எடுத்த போட்டோவில் அந்த இடத்து மாட்யூலின் பூச்சில், வலது மேல் மூலையில், பிறை வடிவில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். முன்பு யாருடைய ஸ்க்ரூடிரைவரோ வழுக்கியிருக்க வேண்டும். இப்போது அங்கே இருப்பதில் மூலை முழுசாக இருக்கிறது. மற்ற ஐந்திலும் தேடிவிட்டேன், பிறை எங்குமே இல்லை. நல்ல மாட்யூலை எடுத்துக்கொண்டு, சாகக் கிடந்த ஒன்றை அங்கே வைத்துச் சால்டர் செய்திருக்கிறார்கள்.

போன் செய்தேன். முதலில் "ஈரக்காத்துண்ணே, நம்ம ஊரு கிளைமேட் அப்படி" என்றார். போட்டோ அனுப்பினேன். "அது வேற பெட்டி போட்டோவா இருக்கும்" என்றார். சீரியல் நம்பரும் தெரியும் படத்தை அனுப்பிய பிறகு பதிலே இல்லை. யூபிஐயில் பணம் போனதும் அவர் பெயருக்கு இல்லை, வேறு யாருக்கோ, அதைக்கூட அப்போது நான் கவனிக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். பில் இல்லாததால் யூபிஐ ரசீது, "புது மாட்யூல்" என்று அவரே பேசிய வாட்ஸ்அப் வாய்ஸ், இரண்டு போட்டோ, இவ்வளவுதான் கையில். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, அடுத்து அங்கேதான்.

80017ஏ ஒரிஜினல், நல்ல கண்டிஷன் என்று யாராவது உங்களிடம் விற்க வந்தால், வலது மேல் மூலையைக் கொஞ்சம் பாருங்கள். பிறை தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள், அது என்னுடையது.