டிஃப்பில் இல்லாத காரணம்: ஏஐ எழுதும் கமிட் செய்திகளோடு என் நீண்ட அனுபவம்

ஏஐ கருவிகளைக் கொண்டு கமிட் செய்தி (நிரலில் செய்த மாற்றத்தைப் பதிவு செய்யும்போது சேர்க்கும் விளக்கக் குறிப்பு) எழுதுவது என் அன்றாட வேலையில் ஊறிப்போன பழக்கமாகிவிட்டது. எடிட்டரில் உள்ள பொத்தானில் தொடங்கி, ஓப்பன்கமிட், ஏஐகமிட்ஸ் போன்ற கட்டளை வரிக் கருவிகள், என் கணினியிலேயே ஒல்லாமா என்ற மென்பொருளில் ஓடும் சிறிய மாடல் என்று பலவற்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறேன். எது முதலிடம், எது இரண்டாமிடம் என்று இங்கே வரிசைப்படுத்தப் போவதில்லை. மாடல்கள் மாறும் வேகத்தில் அந்த வரிசை சில மாதங்கள்கூடத் தாங்காது. கருவி எதுவானாலும் மாறாமல் இருந்த சில விஷயங்களைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவற்றில் முதன்மையானதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: செய்தியை எழுதித் தரும்போது இருப்பதைவிட, என்னிடம் கேள்வி கேட்கும்போதுதான் இந்தக் கருவிகளால் எனக்கு அதிகப் பயன் கிடைக்கிறது.

நல்லதை முதலில் சொல்வதுதான் முறை. ‘ஃபிக்ஸ்’, ‘அப்டேட்’, ‘மறுபடியும் ஃபிக்ஸ்’ என்ற ஒற்றைச் சொல் கமிட்டுகள் எங்கள் குழுவின் வரலாற்றிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டன. தலைப்பு வரி 50 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும், அடுத்து ஒரு வெற்று வரி, பிறகு விளக்கம் என்று, நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் மென்பொருளின் கையேடு பரிந்துரைக்கும் வடிவத்தை இந்தக் கருவிகள் பெரும்பாலும் தவறாமல் பின்பற்றுகின்றன. மாறியின் பெயர் மாற்றம், நிரல் நூலகங்களின் பதிப்பு உயர்வு, ஆவணத் திருத்தம், சோதனைத் தரவுச் சேர்ப்பு போன்ற இயந்திரத்தனமான மாற்றங்களுக்குக் கருவி தருவதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். அங்கே ‘என்ன’ என்பதைத் தாண்டி யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

சிக்கல் மற்ற கமிட்டுகளில்தான் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்க்கலாம்.

நாங்கள் நடத்தும் ஒரு சேவையில் அவ்வப்போது 502 பிழை (பின்னால் உள்ள சர்வரிடமிருந்து சரியான பதில் வராதபோது காட்டப்படுவது) தலைகாட்டிக்கொண்டிருந்தது. எப்போது வரும் என்று கணிக்க முடியாது. சோதனைச் சூழலில் வரவே வராது. தேடித் தேடிக் கண்டுபிடித்த காரணம் இது: கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்தனுப்ப முன்னால் நிற்கும் லோட் பேலன்சர், பயன்பாட்டில் இல்லாத இணைப்பை 60 விநாடி திறந்து வைத்திருக்கிறது. பின்னால் இருக்கும் எங்கள் சர்வரின் கீப்-அலைவ் நேரமோ (சும்மா இருக்கும் இணைப்பைத் திறந்து வைத்திருக்கும் நேரம்) 5 விநாடிதான். இணைப்பு இன்னும் உயிரோடு இருப்பதாக நம்பி லோட் பேலன்சர் ஒரு கோரிக்கையை அனுப்பும் அதே கணத்தில் சர்வர் இணைப்பை மூடினால், அந்தக் கோரிக்கைக்குப் பதிலே இல்லாமல் போகிறது. பயனருக்கு 502 காட்டப்படுகிறது. சர்வரின் நேரத்தை 65 விநாடி ஆக்கினோம், பிழை நின்றது. மாறியது ஒரே வரி, அதிலும் ஒரே எண்.

அந்த டிஃப்பை, அதாவது மாறிய வரிகளைக் காட்டும் பட்டியலை, வாங்கிய கருவி என்ன எழுதியது தெரியுமா? கீப்-அலைவ் நேரம் 65 விநாடியாக உயர்த்தப்பட்டது, இணைப்புகள் மறுபயன்பாட்டுக்கு வருவதால் செயல்திறன் மேம்படும் என்று எழுதியது. இலக்கணப் பிழை இல்லை, தொழில்நுட்ப ரீதியாகப் பொய்யும் இல்லை. ஆனால் அது நாங்கள் செய்த வேலை அல்ல. ஓராண்டு கழித்து, நினைவகப் பயன்பாட்டைக் குறைக்க வரும் ஒருவர் அந்த வரியைக் கடைசியாக மாற்றிய கமிட்டைக் காட்டும் கிட் பிளேம் கட்டளையைப் போட்டு இந்தச் செய்தியைப் படித்தால், சிறு செயல்திறன் ஆதாயத்துக்காகத்தானே வைத்திருக்கிறார்கள், குறைத்துவிடலாம் என்று முடிவெடுப்பார். அவர்மேல் குற்றமே சொல்ல முடியாது. 65 என்ற எண்ணுக்கு 60-ஐவிடப் பெரியது என்பதைத் தவிர வேறு பொருளே இல்லை. அந்த 60 எங்கள் மூல நிரலில் எந்தக் கோப்பிலும் இல்லை.

இதுதான் அடிப்படைச் சங்கடம். கருவிக்குக் கிடைப்பது டிஃப் மட்டும். இயல்பான அமைப்பில் டிஃப் என்பது மாறிய வரிகளும் அவற்றுக்கு மேலும் கீழும் மும்மூன்று வரிகளும்தான். காரணம் பெரும்பாலும் அதற்கு வெளியே, ஒரு லாக் கோப்பிலோ தொலைபேசி உரையாடலிலோ வேறொரு சேவையின் அமைப்பிலோ கிடக்கிறது. காரணம் தெரியாதபோது மாடல் வெறுமனே விடுவதில்லை. வாக்கியம் முழுமை பெற வேண்டும் என்பதற்காகப் பொதுவான ஒரு வாலை ஒட்டிவிடுகிறது. ‘நம்பகத்தன்மை கூடும்’, ‘பராமரிப்பு எளிதாகும்’, ‘நிரல் தெளிவு பெறும்’ என்பவை அந்த வால்கள். வெறும் ‘ஃபிக்ஸ்’ என்ற செய்தியைவிட இது ஆபத்தானது என்பது என் உறுதியான கருத்து. ‘ஃபிக்ஸ்’ என்று மட்டும் இருந்தால் படிப்பவர் இங்கே தகவல் இல்லை என்று புரிந்துகொண்டு வேறிடத்தில் தேடுவார். ஒட்டிய வால் இருந்தால் தேடலை அங்கேயே நிறுத்திவிடுவார்.

கமிட் செய்திக்கு இவ்வளவு முக்கியத்துவம் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலின் வளர்ச்சிக்காகத்தான் 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை உருவாக்கினார். அந்தக் கெர்னல் திட்டத்துக்குப் பேட்ச் எனும் நிரல் திருத்தங்களை அனுப்புவோருக்கான வழிகாட்டி இன்றைக்கும் முதலில் கேட்பது, உங்களை இந்த வேலைக்குத் தூண்டிய சிக்கல் எது என்பதைத்தான். ஒரு வரித் திருத்தமானாலும் 5000 வரிப் புதிய வசதியானாலும் பின்னணியில் ஒரு சிக்கல் இருந்தே தீர வேண்டும் என்கிறது அது. வரலாற்றைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட் கட்டளையை வைத்து பல நூறு கமிட்டுகளுக்கு நடுவே குற்றவாளிக் கமிட்டைப் பிடித்தபின், அதைத் திரும்பப் பெறலாமா கூடாதா என்று தீர்மானிக்க நம் கையில் இருப்பது அந்தச் செய்தி ஒன்றுதான். எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். வேலைகளையும் சிக்கல்களையும் பதிந்து வைக்கும் டிக்கெட் அமைப்பே மாறி, பழைய இணைப்புகள் செத்துப்போயிருக்கும். களஞ்சியத்தோடு கூடவே பயணிப்பது கமிட் செய்தி.

இனி, கருவிகள் சறுக்கும் வேறு சில இடங்கள். செய்தியின் தொடக்கத்தில் மாற்றத்தின் வகையைச் சொல்லும் முன்னொட்டை வைக்கும் கன்வென்ஷனல் கமிட்ஸ் முறையைப் பின்பற்றும் குழுக்கள் முன்னொட்டு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். செமான்டிக் ரிலீஸ் போன்ற வெளியீட்டுத் தானியங்கி, ‘ஃபிக்ஸ்’ என்ற முன்னொட்டைப் பார்த்தால் பதிப்பின் கடைசி எண்ணான பேட்ச் எண்ணையும், புதிய வசதியைக் குறிக்கும் ‘ஃபீட்’ என்பதைப் பார்த்தால் நடு எண்ணான மைனர் எண்ணையும் உயர்த்தும். செயல் மாறாமல் நிரலைச் சீரமைப்பதைக் குறிக்கும் ‘ரீஃபேக்டர்’ என்றிருந்தால் இயல்பான அமைப்பில் எதையும் வெளியிடாது. ஒரு பிழைத் திருத்தம் பார்ப்பதற்குச் செயற்கூறுகளை இடம் மாற்றியதுபோல் இருந்ததால் கருவி அதற்கு ‘ரீஃபேக்டர்’ என்று முத்திரை குத்தியது. திருத்தம் முதன்மைக் கிளையில் சேர்ந்தும், பயனர்களுக்குப் புதிய பதிப்பு போகவே இல்லை. ஒரு சொல் வெளியீட்டையே தடுத்துவிடும் இடத்தில், அந்தச் சொல்லை மனிதர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இப்போது முன்னொட்டை நானே முதலில் கொடுத்துவிடுகிறேன். மீதியைத்தான் கருவி நிரப்புகிறது.

இன்னொன்று, இஷ்யூ எண், அதாவது பதிவான ஒரு சிக்கலின் அடையாள எண். எங்கள் நடைக்கு ஏற்ப எழுதட்டும் என்று அண்மைக் கமிட்டுகள் சிலவற்றை, கருவிக்குத் தரும் கட்டளையான புராம்ப்ட்டில் மாதிரியாகக் கொடுத்திருந்தேன். நடையோடு சேர்த்து, அவற்றில் ஒன்றிலிருந்த இஷ்யூ எண்ணையும் கருவி எடுத்துப் புதிய செய்தியில் போட்டுவிட்டது. ‘ஃபிக்ஸஸ்’ என்ற சொல்லோடு எண் சேர்ந்து முதன்மைக் கிளைக்குப் போனால் கிட்ஹப் அந்த இஷ்யூவைத் தானாகவே மூடிவிடும். ரிவியூவில் கண்ணில் பட்டதால் தொடர்பில்லாத ஓர் இஷ்யூ மூடப்படாமல் தப்பியது. மாதிரி கொடுப்பதாக இருந்தால் எண்களை நீக்கிவிட்டுக் கொடுங்கள்.

கமிட் செய்யும்போது தானாக ஓடும் ஹூக் என்ற சிறு நிரல் வழியாகச் செய்தியை எடிட்டருக்குள் நிரப்பும் வழக்கமுள்ளவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு. எடிட்டரில் திறக்கும் செய்தியில் # குறியோடு தொடங்கும் வரிகளைக் கிட் குறிப்புகளாகக் கருதி நீக்கிவிடும். தலைப்புக்கு # போடும் மார்க்டவுன் எழுத்துமுறையின் பழக்கத்தில் மாடல் போடும் தலைப்புகளும், வரியின் தொடக்கத்தில் வரும் இஷ்யூ எண்ணும் இப்படித்தான் ஓசையின்றிக் காணாமல் போகின்றன. கிட்டின் அமைப்பில் குறிப்புக் குறியை வேறொன்றாக மாற்றிக்கொண்டால் போதும்.

நூலகங்களின் துல்லியமான பதிப்புகளைப் பதிந்து வைக்கும் பூட்டுக் கோப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு நூலகத்தைச் சேர்த்தாலே அந்தக் கோப்பில் ஆயிரக்கணக்கான வரிகள் மாறலாம். கருவி அதற்குள் மூழ்கி, உண்மையில் முக்கியமான பத்து வரிகளைக் கவனிக்காமல் விட்டுவிடும். டிஃப்பை அனுப்பும்போதே அவற்றை விலக்கிவிட வேண்டும். வெளிக் கருவியானால் டிஃப் நம் கணினியை விட்டு வெளியே போகிறது என்பதையும் மறக்கக் கூடாது. கடவுச்சொல்லோ ஏபிஐ சாவியோ தவறுதலாக அதில் இருந்தால், கமிட் செய்வதற்கு முன்பே அது வேறொருவரின் சர்வருக்குப் போயிருக்கும். வெளியிடப்படாத பாதுகாப்புத் திருத்தங்களுக்கு நான் வெளிக் கருவி எதையும் தொடுவதில்லை. என் கணினியில் ஓடும் மாடலோடு நிறுத்திக்கொள்கிறேன், அல்லது நானே எழுதுகிறேன்.

இப்போது என் நடைமுறைக்கு வருகிறேன். புராம்ப்ட்டைத் தலைகீழாக மாற்றியதிலிருந்துதான் இந்தக் கருவிகள்மேல் எனக்கு உண்மையான மதிப்பு வந்தது. ‘இந்த டிஃப்புக்குச் செய்தி எழுது’ என்று கேட்பதை விட்டுவிட்டேன். ‘இந்த டிஃப்பை மட்டும் படித்தால் காரணம் புரியாத இடங்கள் எவை? அதிகபட்சம் மூன்று கேள்விகள் கேள். நான் பதில் சொன்ன பிறகு எழுது. நான் சொல்லாத காரணத்தையோ பலனையோ சேர்க்காதே’ என்று கேட்கிறேன். மேலே சொன்ன அந்த ஒற்றை எண் மாற்றத்தையே இந்த முறையில் கொடுத்தபோது வந்த கேள்விகள் இவை: ஏன் சரியாக 65, வேறு ஏதாவது ஒரு மதிப்போடு இதற்குத் தொடர்பு உண்டா? இதை மாற்றாவிட்டால் பயனருக்கு என்ன தெரியும்? இதே மதிப்பை நம்பியிருக்கும் வேறு அமைப்பு ஏதேனும் உண்டா?

முதல் இரண்டுக்கும் என்னிடம் பதில் இருந்தது. மூன்றாவதற்கு எழுந்து போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தபோது, இன்னொரு சேவையிலும் அதே 5 விநாடி இருந்தது தெரிந்தது. செய்தி எழுதுவதற்காகக் கேட்ட ஒரு கேள்வி இன்னொரு பிழையை முன்கூட்டியே பிடித்துக் கொடுத்தது. பதில்களைத் தந்தபின் வந்த செய்தியில் லோட் பேலன்சரின் 60 விநாடி, 502 பிழை, 65-ஐ 60-க்குக் கீழே கொண்டுபோகக் கூடாது என்ற எச்சரிக்கை மூன்றும் இருந்தன. நான் சொல்லில் ஒன்றிரண்டைத் திருத்தினேன், அவ்வளவுதான்.

இந்த முறையால் கிடைத்த இன்னொரு நன்மை, கமிட்டுகளின் அளவு. கேள்விகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வந்தால், அந்தக் கமிட்டுக்குள் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன என்று பொருள். தலைப்பு வரியில் ‘மேலும்’ என்ற சொல் இல்லாமல் கருவியால் எழுத முடியவில்லை என்றாலும் அப்படியே. உடனே, கமிட்டில் சேர வேண்டியவற்றைத் தேர்ந்தெடுக்கும் கிட் ஆட் கட்டளையின் பேட்ச் முறையில் துண்டு துண்டாகப் பிரித்து இரண்டு கமிட்டுகளாக்கிவிடுகிறேன். ரிவியூ செய்பவர்களுக்கு இது எவ்வளவு நிம்மதி என்பதை எங்கள் குழுவில் கண்கூடாகப் பார்க்கிறேன். நேரம் மிச்சமா என்று கேட்டால், சிறு கமிட்டுகளில் மிச்சம், கனமானவற்றில் இல்லை. கனமான கமிட்டுக்கு முன்பைவிடச் சற்று அதிக நேரமே செலவிடுகிறேன். அந்த நேரம் முழுவதும் யோசிப்பதற்குப் போகிறது, வாக்கியம் அமைப்பதற்கு அல்ல.

பொதுத் திட்டங்களுக்குப் பங்களிப்பவர்கள், அந்தந்தத் திட்டத்தின் விதியை முதலில் படிக்க வேண்டும். ஏஐ உருவாக்கிய பங்களிப்புகளை ஏற்பதில்லை என்று ஜென்டூ லினக்ஸ் 2024-இல் முடிவெடுத்தது. நெட்பிஎஸ்டி இயங்குதளத் திட்டமும் அதே ஆண்டில், முன் அனுமதியின்றி அத்தகைய நிரலைச் சேர்க்கக் கூடாது என்று வரையறுத்தது. சில கருவிகள் செய்தியின் அடியில் இணை ஆசிரியர் என்று தம் பெயரைத் தாமே சேர்த்துவிடும். நிரல் எழுதும் கருவியான கிளாட் கோட் இயல்பாகவே அப்படிச் செய்கிறது. வேண்டாமென்றால் அமைப்பில் நிறுத்திவைக்கலாம். அந்த வரி இருப்பதுதான் நேர்மை என்பது என் எண்ணம். கருவி நிரலையே எழுதியிருந்தால் வரியை வைக்கிறேன். என் நிரலுக்குச் செய்தியை மட்டும் செப்பனிட்டிருந்தால் எடுத்துவிடுகிறேன்.

ஏஜென்ட்டுகள் எனப்படும், தாமாகவே செயல்படும் ஏஐ கருவிகளே நிரல் எழுதும்போது நிலைமை சற்று மாறுகிறது. சிக்கலை நான் விவரித்ததும், எந்த வழி வேண்டாம் என்று சொன்னதும் உரையாடலிலேயே இருப்பதால், காரணம் கருவியின் கைக்கு எட்டுகிறது. செய்தியின் தரம் உயர்வதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. ஆனால் உரையாடல் நீளமாகிவிட்டால், இடையில் முயன்று கைவிட்ட வழிகளையும் செய்ததுபோலவே எழுதிவிடும். அதனால் கமிட் செய்யும் தருணத்தில் இறுதி டிஃப்பை மறுபடி படிக்கச் சொல்கிறேன். கைவிட்டவற்றைத் தனிப் பத்தியில், ஏன் கைவிட்டோம் என்ற காரணத்தோடு எழுதச் சொல்கிறேன். அந்தப் பத்தியைக் கையால் எழுதிய காலத்தில் நேரமில்லை என்று பெரும்பாலும் விட்டுவிடுவோம். இப்போது எங்கள் களஞ்சியத்தின் பெரிய கமிட்டுகளில் அதுதான் அதிகம் படிக்கப்படும் பத்தி. புதிதாகச் சேர்பவர்கள், ‘இதை இப்படிச் செய்து பார்த்தீர்களா?’ என்று கேட்பதற்கு முன்பே அங்கே போய்ப் பார்த்துவிடுகிறார்கள்.