எஸ்.எல்.ஆர்., இன்சாஸ், ஏ.கே.: மூன்றையும் சுமந்த அனுபவம்

நம் ராணுவத்தின் இன்சாஸ் துப்பாக்கியைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல ஆள் குறைவு. நான் சொல்வேன். என் சர்வீஸில் பெரும்பகுதி அதோடுதான் போனது. இங்கே பரதராமிப் பக்கம், தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் ஊர்களில், பட்டாளத்துக்குப் போக ஓடிப் பழகும் பையன்கள் “எந்த கன் மாமா பெஸ்ட்?” என்று கேட்கிறார்கள். வீடியோ பார்த்துவிட்டு ஏ.கே.தான் என்று முடிவோடு வருகிறவர்களே அதிகம். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வெலிங்டனில் பயிற்சியின்போது கைக்கு வந்தது 7.62 மி.மீ. தோட்டா சுடும் எஸ்.எல்.ஆர். ஒரு மீட்டருக்கு மேல் நீளம். 20 தோட்டா மேகசின் மாட்டினால் 5 கிலோவை நெருங்கும். துப்பாக்கியின் பின்கட்டையான ‘பட்’டைத் தோளில் இறுக்கிப் பிடிக்காதவனுக்கு மறுநாள் தோள் கன்றிப்போகும். ஒவ்வொரு தோட்டாவாகத்தான் சுட முடியும். ஆனால் தூரத்தில் அதன் அடிக்கு ஈடு கிடையாது. புதர்க்காட்டிலும் வண்டியில் ஏறி இறங்கும்போதும் அந்த நீளம்தான் தொல்லை.

அடுத்து 5.56 மி.மீ. இன்சாஸ். இதன் தோட்டா எஸ்.எல்.ஆர். தோட்டாவில் ஏறக்குறைய பாதி எடைதான். நாள் முழுக்க மலையேறும் ரோந்தில் இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று சுமந்தவனுக்குத்தான் தெரியும். உதைப்பு குறைவு. ஒழுங்காக ஜீரோ செய்து, அதாவது குறியும் அடியும் ஒன்றாக விழும்படி சைட்டைச் சரிசெய்து வைத்தால் 300 மீட்டரில் சிங்கிள் ஷாட் சொன்ன இடத்தில் போய் நிற்கும். ஃபயரிங்கில் தடுமாறிக்கொண்டிருந்த ஜவான்கள் இன்சாஸ் வந்த பிறகு தேறியதைப் பார்த்திருக்கிறேன். தோட்டா ஏற்ற இழுக்கும் காக்கிங் ஹேண்டில் இடப்பக்கம் என்பதால் வலக்கை பிடியை விடவே வேண்டாம். ‘பட்’டின் அடியில் எண்ணெய்ப் புட்டியும் துடைக்கும் சாமானும் வைக்க இடம் உண்டு.

குறை மேகசினில்தான். 1999 கார்கில் போரில் குளிர் தாங்காமல் பாலிமர் மேகசின்கள் விரிசல் விட்டதும், சுடும்போது சில துப்பாக்கிகள் சிக்கிக்கொண்டதும் நாடறிந்த விஷயம். அதனால் கோத்தில் (ஆயுதக் கிடங்கில்) துப்பாக்கி வாங்கும்போது பேரலைப் பார்ப்பதற்கு முன் மேகசினின் வாயைப் பார்ப்பேன். உதடு சற்று விரிந்திருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். குழலுக்குள் இழுக்கும் புல் த்ரூ கயிறும் சிந்தித் துணியும் போட்டுத் துடைக்கும்போது, வெடிவாயு போகும் பாதையில் இருக்கும் கேஸ் பிளக்கை விட்டுவிடக் கூடாது; கரி அங்கேதான் அடைக்கும். இன்னொன்று, இன்சாஸில் சிங்கிளும், ஒரே அழுத்தில் மூன்று தோட்டா போகும் பர்ஸ்டும்தான். நெருங்கிய சண்டையில் அது போதவில்லை என்பதே என் தீர்ப்பு.

காஷ்மீரில் தேடுதல் வேட்டைக்கு ஏ.கே.-47 கொடுத்தார்கள். வீட்டுக்குள், சந்துக்குள், மக்காச்சோளக் கொல்லைக்குள் அதைவிட நம்பகமான ஆயுதத்தை நான் தொட்டதில்லை. 30 தோட்டா இரும்பு மேகசின். சேறு, தூசி எதற்கும் அசராது. ஆனால் சுடும் முறையை மாற்றும் சேஞ்ச் லீவரை இறக்கும்போது வரும் ‘டக்’ சத்தம் ராத்திரியில் வெகுதூரம் கேட்கும். விரலால் அணைத்து மெதுவாக இறக்கப் பழக வேண்டும். சேஃப்டியிலிருந்து ஒரு படி இறக்கினால் ஆட்டோ (விசையை அழுத்தியிருக்கும் வரை தொடர்ந்து சுடும்), கடைசி வரை இறக்கினால்தான் சிங்கிள். கை இதை இருட்டிலும் மறக்கக் கூடாது. 300 மீட்டருக்கு அப்பால் குறி தளர்ந்துவிடும். எதிர் மலைச்சரிவில் இருக்கும் ஆளைக் குறிவைக்க இன்சாஸையே எடுப்பேன்.

இப்போது காலம் மாறிவிட்டது. 2019-இல் 72,400 சிக் (SIG) 716 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அதன் தோட்டா பழைய எஸ்.எல்.ஆருடைய அதே 7.62×51. அமேதி மாவட்டம் கோர்வாவில் ஏ.கே.-203 தயாராகிறது, 2021 ஒப்பந்தத்தின்படி 6 லட்சத்துக்கும் மேல். மடக்கும் பட், ஆளுக்கேற்ற நீளம். எனக்கு இதில் பெரிய விஷயம் மேலே இருக்கும் ரெயில்தான், அதாவது சைட் மாட்டும் பட்டைதான். அந்தி மங்கினால் எங்கள் துப்பாக்கிகளில் குழல் முனையில் குறிபார்க்க இருக்கும் முன் ஊசி கண்ணுக்குத் தெரியாமல் போகும், ரோந்தில் மிக மோசமான நேரம் அதுதான். சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் சைட் மாட்டிய துப்பாக்கி கையில் இருந்தால் அந்த நேரத்திலும் குறிவைக்கலாம். பையன்களா, பயிற்சிக்குப் போனதும் இரும்பு சைட்டில் நன்றாகச் சுடக் கற்றுக்கொள்ளுங்கள். பேட்டரி தீர்ந்த இரவில் அதுதான் கைகொடுக்கும்.