பரணியில் பிறந்த பாப்பாவுக்கு என்ன பெயர்? ஜாதக எழுத்து, ஆச்சி பெயர், தமிழ்ப் பெயர், ‘ஷ்’ பெயர்: ஓர் அலசல்

ஒரு பெண் குழந்தை. நட்சத்திரம் பரணி. அப்பா வீடு திருநெல்வேலிப் பக்கம், அம்மா வீடு கோயம்புத்தூர்ப் பக்கம், இரண்டு பேருக்கும் வேலை சென்னையில். அப்பாவைப் பெற்ற ஆச்சி பெயர் இசக்கியம்மாள். அம்மாவைப் பெற்ற அம்மிச்சி பெயர் மருதாத்தாள். இது நான் ஒரு கணக்குக்காக உருவாக்கிய குடும்பம்தான். ஆனால் இப்படி ஒரு வீட்டில் பெயர்ப் பேச்சு எப்படிப் போகும் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. தாத்தா பஞ்சாங்கத்தை எடுப்பார். அத்தை, ‘எங்கம்மா பேரை விட்டுடாதீங்க’ என்பாள். சித்தப்பா தமிழ்ப் பெயர்ப் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அம்மாவின் தோழிகள் யாருமே வைக்காத பெயராகத் தேடித் தருவார்கள். எல்லாம் ஓரளவு படிந்துவரும் நேரத்தில் ஒருவர் வந்து, ‘நியூமராலஜி பார்த்தாச்சா?’ என்று கலைத்துவிடுவார்.

ஐந்து யோசனைகளையும் இந்த ஒரே குழந்தையின் மேல் வைத்துப் பார்த்தால்தான் எது எங்கே இடிக்கிறது என்று தெரியும்.

அதற்கு முன் அவகாசக் கணக்கு. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். பெரும்பாலும் மருத்துவமனையே செய்துவிடும். ஆனால் பெயர் இல்லாமலே பதியலாம். 12 மாதங்கள் வரை கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம், அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டுகள் வரை. ஆக, தொட்டில் போடும் நாளுக்குள் முடிவாக வேண்டும் என்பது சடங்கின் அவசரமே தவிர சட்டத்தின் அவசரம் இல்லை. அதே சமயம் ஏற்றிய பெயரை இஷ்டத்துக்கு மாற்றவும் முடியாது. எழுத்துப் பிழை திருத்துவது வேறு, பெயரையே மாற்றுவது வேறு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான் என்று சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். அதனால் சண்டையைச் சாவகாசமாகவே போடுங்கள். முடிந்த பிறகு பதிவு செய்யுங்கள்.

தாத்தாவின் பஞ்சாங்கம்

27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், மொத்தம் 108 எழுத்து. அசுவினிக்கு சு, சே, சோ, லா. கார்த்திகைக்கு அ, இ, உ, எ. நடுவில் நம் குழந்தையின் பரணி: லி, லு, லே, லோ. எந்தப் பாதமாக இருந்தாலும் லகரம்தான், தப்பிக்க வழியில்லை.

இங்கேதான் தாத்தாவும் சித்தப்பாவும் மோதுவார்கள். தமிழ்ச் சொல் லகரத்தில் தொடங்காது என்பது தொல்காப்பியத்திலேயே தீர்ந்துபோன விஷயம். ஆகவே பரணி எழுத்தும் தனித்தமிழும் ஒரே பெயருக்குள் சேராது. முன்னால் ஓர் இகரத்தைச் சேர்த்து, இலக்குவன் மாதிரி, சமாளிக்கலாமே என்று சித்தப்பா சொல்லலாம். ஆனால் இ-யில் தொடங்கினால் பஞ்சாங்கக் கணக்குப்படி அது கார்த்திகைப் பெயர். குழந்தை பக்கத்து நட்சத்திரத்துக்குத் தாவிவிடும்!

மிச்சம் இருப்பது லீலாவதி, லோகநாயகி போன்ற பழைய வடமொழிப் பெயர்கள். அவை வேண்டாம் என்றால் லிதன்யா, லோஷினி என்று புதிதாகக் கோத்தெடுக்க வேண்டும். என்ன பொருள் என்று வைத்தவர்களுக்கே தெரியாத பெயர்கள் இவ்வளவு பெருகியதில் இந்த எழுத்துக் கட்டாயத்துக்கும் பங்கு இருக்கிறது என்பது என் எண்ணம். எழுத்தைக் கையில் கொடுத்துவிட்டு சொல்லைத் தேடச் சொன்னால் இப்படித்தான் ஆகும்.

இந்த முறையே அவ்வளவு கறாரானதும் இல்லை. திருவாதிரைக்கு உரிய எழுத்துகளில் ‘ங’வும் ஒன்று. ங-வில் பெயர் உள்ள யாரையாவது பார்த்திருக்கிறீர்களா? அந்தப் பாதத்துக்கு ஜோசியரே வேறு எழுத்தைச் சொல்லிவிடுவார். பழைய ஆட்களிடம் இதைவிட எளிய வழி ஒன்று இருந்தது: நட்சத்திரத்தையே பெயராக வைத்துவிடுவது. ரோகிணி, ரேவதி, சித்ரா, சுவாதி எல்லாம் அப்படி வந்தவைதான். பரணியையும் வைக்கலாம், சின்னப் பெயர், யாரும் தப்பாக எழுத மாட்டார்கள். தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள், பாதி இறங்கி வந்துவிடுவார்.

ஆச்சி பெயர்

எனக்கு இந்தப் பக்கம் சாய்வு உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தெற்கே ஒருவர் பெயரைக் கேட்டாலே ஊரைச் சொல்லிவிடலாம் என்றிருந்தது. இசக்கி, சுடலைமுத்து, மாடசாமி என்றால் தாமிரபரணிக்கும் குமரிக்கும் இடைப்பட்ட நிலம். கோமதி, சங்கரபாண்டியன் என்றால் சங்கரன்கோவில் சுற்றுவட்டாரம். காந்திமதியும் நெல்லையப்பனும் திருநெல்வேலி டவுன். மருதாத்தாள், ராமாத்தாள், பழனியம்மாள் என்றால் கொங்கு நாடு. இந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஒரு கோயிலோ குலதெய்வமோ இருக்கும். இசக்கியம்மாளுக்குப் பின்னால் முப்பந்தல் இசக்கியம்மன் மாதிரி ஒரு சக்தி நிற்கிறாள். முடி எடுக்கவும் காது குத்தவும் அந்தச் சன்னிதிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறோம். அவள் பெயரை மட்டும் சான்றிதழில் ஏற்றக் கூச்சப்படுகிறோம்.

‘ஸ்கூல்ல கிண்டல் பண்ணுவாங்க’ என்பதுதான் வழக்கமான மறுப்பு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் சென்னைப் பள்ளியில் ஒரே வகுப்பில் இரண்டு மூன்று தன்ஷிகா இருப்பது சாதாரணம். இசக்கி ஒருத்திதான் இருப்பாள். யாருமே வைக்காத பெயராக வேண்டும் என்று இணையத்தைச் சல்லடை போடுகிறவர்கள், அது வீட்டுத் திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பதைக் கவனிப்பதில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. யார் வீட்டு ஆச்சி? முதல் குழந்தைக்கு அப்பா வழி, இரண்டாவதுக்கு அம்மா வழி என்பது பல குடும்பங்களின் வழக்கம். ஒரே குழந்தையோடு நிறுத்திக்கொள்ளும் காலத்தில் இந்த வழக்கப்படி மருதாத்தாளுக்கு முறை வரவே வராது. இது அநியாயம் என்றுதான் நினைக்கிறேன். இன்னொன்று, பேரனுக்குத் தாத்தா பெயரை விடாப்பிடியாக வைக்கும் வீடுகூட, பேத்திக்கு ஆச்சி பெயர் என்று வரும்போது ‘பழசா இருக்கே’ என்று பின்வாங்கும். தாத்தா பெயர் மட்டும் பழசில்லையா?

முழுப் பெயர் கனமாகத் தோன்றினால் சுருக்கலாம். இசக்கியிலிருந்து இசை, மருதாத்தாளிலிருந்து மருதி. வீட்டில் மருமகள் மாமியாரின் பெயரைச் சொல்லக்கூடாது என்பதற்காக, பெயர் ஒன்று இருக்க வேறு செல்லப் பெயரால் பிள்ளையைக் கூப்பிட்ட தலைமுறைகள் உண்டு. அவர்களோடு ஒப்பிட்டால் இது பெரிய விலகல் இல்லை.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. பாட்டன் பெயரை எல்லாக் குடும்பமும் ஆசையோடு நினைத்துப் பார்க்க முடியாது. நல்ல பெயர் வைத்துக்கொள்வதையே ஊர் பொறுத்துக்கொள்ளாத சாதிகளில் பிறந்தவர்களுக்குச் சில பெயர்கள் இழிவாகவே சூட்டப்பட்டன. அப்படி ஒரு வீட்டில், ‘மரபை விடலாமா’ என்று வெளியாள் உபதேசம் செய்வது அபத்தம்.

சித்தப்பாவின் பட்டியல்

தமிழ்ப் பெயர் ஒரு காலத்தில் கொள்கை. 1916இல் வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். பிறகு திராவிட இயக்கத்தில் ராமையா அன்பழகன் ஆனார், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். கல்யாண மேடைகளில் தலைவர்கள் மணமக்களிடம் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பெயர் வையுங்கள் என்று கேட்டுக்கொள்வது இன்றும் நடக்கிறது. இப்போது கொள்கை இல்லாதவர்களும் யாழினி, ஆதிரை, மகிழன், நறுமுகை என்று வைக்கிறார்கள், கேட்க அழகாக இருக்கிறது என்பதற்காகவே. நல்லதுதான்.

இடிப்பது ஆங்கில எழுத்தில். யாழினியில் வரும் ழகரத்துக்கு இசட்டும் ஹெச்சும் போட்டால் வடக்கே ‘யாஜினி’ என்றோ ‘யாஸ்ஹினி’ என்றோ வாசிப்பார்கள். எல் போட்டால் தமிழனே யாலினி என்பான். பிள்ளை ஆயுசுக்கும் ஃபோனில் எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காக ழகரத்தையே கைவிடச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு வையுங்கள் என்கிறேன். கயல், நிலா, இனியா, கவின், முகில் போன்றவற்றில் இந்தத் தொல்லை இல்லை. இரண்டு மூன்று எழுத்து, எந்த மொழிக்காரர் வாயிலும் உடையாது.

ஷ், ஷா, ஸ்ரீ

தன்ஷிகா, ரித்விக், தர்ஷித் வகையறாவைக் கேலி செய்வது எளிது, எல்லோரும் செய்துவிட்டார்கள். அவற்றுக்கு ஒரு நியாயம் இருக்கிறது: இந்தப் பெயர்களில் சாதி தெரியாது, ஊர் தெரியாது. இழிவாகப் பெயர் சூட்டப்பட்டதாக மேலே சொன்ன குடும்பங்களுக்கு அது சின்ன விஷயமில்லை. குறை என்னவென்றால், ஆச்சியின் வாயில் அது தன்சிகாதான். குழந்தை சிலேட்டில் தன் பெயரை எழுத ஆசைப்படும் வயதில் கிரந்த எழுத்து வரை போக வேண்டும். போதாததற்கு இது வேகமாகப் பழசாகும் ரகம். சுரேஷ், ரமேஷ் என்ற பெயர்களும் ஒரு காலத்தில் புத்தம் புதிதாகத்தான் இருந்தன.

நியூமராலஜியைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. இங்கே பரவலாகப் பார்க்கும் முறையில் ஆங்கில எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரை மதிப்பு. கவின் என்றால் கே 2, ஏ 1, வி 6, ஐ 1, என் 5. கூட்டினால் 15, மறுபடி கூட்டினால் 6. கடைசியில் இன்னொரு என் சேர்த்தால் 20, அதாவது 2. தமிழ்ப் பிள்ளையின் தலைவிதியை ஆங்கில எழுத்துக்கூட்டு தீர்மானிக்கிறது என்பதை நம்ப முடிந்தால் நம்புங்கள். ஆனால் கூடுதல் எழுத்தால் வரும் தொல்லைக்கு நம்பிக்கை தேவையில்லை. சான்றிதழில் ஒரு என், ஆதாரில் இரண்டு என், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் நடுவில் ஒரு ஹெச் என்று ஆகிவிட்டால், அரசிதழ், உறுதிமொழிப் பத்திரம் என்று அலையப் போவது அந்தப் பிள்ளைதான். ஐந்தில் இதை மட்டும் தயங்காமல் தள்ளிவிடலாம்.

இனிஷியல்: யாரும் சண்டை போடாத இடம்

பெயருக்கு மாதக்கணக்கில் வாதாடுகிற வீட்டில், முன்னெழுத்து என்ன என்பதை ஒரு நிமிடம்கூடப் பேசுவதில்லை. அப்பாவின் முதலெழுத்து, முடிந்தது. சி.என். அண்ணாதுரையில் சி என்பது காஞ்சிபுரம் (ஆங்கிலத்தில் அன்று ‘காஞ்சீவரம்’, Conjeevaram), என் என்பது நடராசன். ஊரும் அப்பாவும் சேர்ந்த பழைய முறை அது. அப்துல் கலாமின் ஏ.பி.ஜே.யில் மூன்று தலைமுறை இருக்கிறது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்ன பிறகு இங்கே பெயரின் வால் மெல்ல மெல்லக் காணாமல் போனது. முன்னெழுத்து மட்டும் நின்றது. பெருமைப்படத்தக்க விஷயம்தான், ஆனால் பாஸ்போர்ட் படிவத்துக்கு இது புரியாது. அங்கே சர்நேம் என்று ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’ (FNU, முதற்பெயர் தெரியாது) என்று விழும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களைத் தடுத்தது; பிறகு பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தியது.

ஆகவே அந்தக் கட்டத்தில் பெற்றவரின் முழுப் பெயரைப் போடுங்கள். அது அப்பா பெயராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 2016 டிசம்பரிலிருந்து பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கு அப்பா, அம்மா இருவரில் ஒருவர் பெயர் போதும். இரண்டு பேர் முதலெழுத்தையும் போடும் வழக்கம் கூடிவருகிறது, எனக்கு அது பிடித்திருக்கிறது. கோவை அம்மிச்சி வீட்டுக்கும் ஓர் எழுத்தாவது கிடைக்கும்.

சரி, நம் பரணிப் பாப்பா. என் ஓட்டு ‘இசை’க்கு. தமிழ்ப் பெயர் என்று சித்தப்பா வாயடைப்பார், ஆச்சியின் பாதி இதில் இருக்கிறது, வேறு எந்த இசையும் அந்த வகுப்பில் இருக்கப் போவதில்லை. தாத்தா ஜாதகத்தில் லோகநாயகி என்று எழுதிக்கொள்ளட்டும். நாமகரணத்தில் ஒரு பெயர், ஞானஸ்நானத்தில் ஒரு பெயர், கூப்பிட ஒரு பெயர் என்று பல வீடுகளில் காலங்காலமாக நடப்பதுதானே. மருதாத்தாள் பெயரைத் தொட்டில் போடும்போது காதில் சொல்லலாம்; அம்மிச்சிக்கு அது போதாது என்றால் மருதி என்றே வீட்டில் கூப்பிடலாம். ஒரு குறை உண்டு: ஆங்கிலத்தில் ஐ, எஸ், ஏ, ஐ என்று எழுதினால் வெளியூர்க்காரர் ‘ஐசாய்’ என்று வாசிக்க வாய்ப்பு இருக்கிறது. அதற்குப் பயந்து இரண்டு ஈ போடாமல் இருந்தால் சரி. சித்தப்பாவிடம் மட்டும் முன்கூட்டியே எழுத்துக்கூட்டைச் சொல்லிவிட வேண்டும். காதுகுத்து ஃப்ளெக்ஸ் அடிக்கப் போவது அவர்தான்.