மிதக்கும் பல்பு: மேலிருந்து இழுப்பதா, கீழிருந்து தள்ளுவதா?

அந்தரத்தில் நின்றபடி கம்பியில்லாமல் எரியும் பல்பை அறிவியல் கண்காட்சிக்குச் செய்ய இரண்டு வழி உண்டு. மேலே மின்காந்தம் வைத்து இழுத்துப் பிடிப்பது ஒன்று, கீழே வளையக் காந்தம் வைத்துத் தள்ளி நிறுத்துவது இன்னொன்று. நிலைக்காந்தங்களை எப்படி அடுக்கினாலும் பல்பு நிலையாக மிதக்காது; 1842-லேயே ஆங்கிலேயக் கணித அறிஞர் எர்ன்ஷா நிரூபித்த விஷயம் இது. அதனால் இரண்டுக்குமே காந்தப் புலத்தை அளக்கும் ஹால் சென்சாரும், நொடிக்கு நொடி கரண்டைத் திருத்தும் சர்க்யூட்டும் வேண்டும்.

தள்ளும் முறை பார்க்க அழகு. ஆனால் பல்பு பக்கவாட்டில் நழுவும். அதைத் தடுக்க நான்கு காயில், இரண்டு திசைக்கும் சென்சார். ரெடிமேட் மாட்யூல் வாங்கினால்தான் நடக்கும். பல்பு எரிய, பீடத்தில் உள்ள காயில் காந்தப் புலமாக அனுப்பும் சக்தியைப் பல்பில் உள்ள காயில் வாங்க வேண்டும். காந்தமும் இந்தக் கரண்ட் வாங்கும் காயிலும் பல்பின் அடியில் ஒன்றாக நெருக்கியடிப்பது இன்னொரு தலைவலி. பல்பில் வைக்கும் நியோடிமியம் காந்தம் உலோகம் என்பதால், காயிலுக்கு வர வேண்டிய சக்தியைத் தானே தின்று சூடாகும். சாதாரண ரகம் 80 டிகிரி தாண்டினால் வலுவிழந்துவிடும்.

இழுக்கும் முறையில் மேல்-கீழ் ஒன்றை மட்டும் கவனித்தால் போதும். காந்தம் பல்பின் உச்சியில், வாங்கும் காயில் அதன் அடியில். பள்ளிப் பிள்ளைகள் செய்ய இதுதான் சரி.

மின்காந்தத்துக்கு இரும்பு போல்ட்டின் மேல் 0.5 மி.மீ. எனாமல் கம்பி 700 சுற்று; சுமார் 120 கிராம் பிடிக்கும். தருமபுரியில் போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகளில் எடை போட்டே வாங்கலாம். ரெசிஸ்டன்ஸ் 6 ஓம் வரும்; 12 வோல்ட்டில் 2 ஆம்பியர். இந்தக் கரண்டைத் திறந்து மூடும் மின்னணு சுவிட்சாக மாஸ்ஃபெட் ஐஆர்எல்இசட்44என் போடுங்கள். ஐஆர்எஃப்இசட்44என், புரோகிராமை ஓட்டும் சிறு பலகையான ஆர்டுயினோவின் 5 வோல்ட்டில் முழுதாகத் திறக்காது, கொதிக்கும்.

பல்புக்கு, பியூஸ் போன 9 வாட் எல்இடி பல்பின் வெள்ளை மூடி மட்டும் போதும். எல்இடி ஒட்டிய அலுமினியத் தகட்டையும் அடிக்கிண்ணத்தின் உள்ளே இருக்கும் அலுமினியத்தையும் கழற்றி எறியுங்கள். விட்டால் விளக்கு மங்கிப்போகும். மூடிக்குள் வாங்கும் காயில், 5 செ.மீ. விட்டத்தில் 9 அல்லது 10 சுற்று, சுமார் 10 மைக்ரோ ஹென்றி. கூடவே 100 நானோ ஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டர். 159 கிலோ ஹெர்ட்ஸில் ஒத்திசையும். காயிலின் கரண்டை ஒரே திசையாக்கி மூடிக்குள் புதிதாக வைக்கும் எல்இடிக்குக் கொடுக்க டையோடு வேண்டும்; இந்த வேகத்துக்கு 1என்4007 ஈடு கொடுக்காது, 1என்5819 வேண்டும்.

பீடத்தில் உள்ள அனுப்பும் காயில் 3.5 செ.மீ. கீழே இருந்தால் அதன் விட்டம் 10 செ.மீ. இருக்கட்டும். ஆரம், இடைவெளியைப் போல 1.4 மடங்கு ஆகும்போதுதான் அங்கே புலம் உச்சம். 6 சுற்று, சுற்றின் நடுவிலிருந்து ஒரு இணைப்புக் கம்பி (டேப்), அதே 100 நானோ ஃபாரட், இரண்டு மாஸ்ஃபெட் மாறி மாறித் திறந்து காயிலை இயக்கும் இசட்விஎஸ் சர்க்யூட். சப்ளை மெதுவாக ஏறினால் இரண்டு மாஸ்ஃபெட்டும் ஒருசேரத் திறந்து புகைந்துவிடும். அதனால் அடாப்டரை முதலில் ஆன் செய்து, பிறகே சர்க்யூட்டின் சுவிட்சைத் தட்டுங்கள்.

விளக்கு எரிந்ததும் பல்பு நடுங்கினால் அந்த 159 கிலோ ஹெர்ட்ஸ் சென்சாருக்குள் புகுந்திருக்கிறது. சென்சார் வெளியீட்டில் 1 கிலோ ஓம், 10 நானோ ஃபாரட் வடிகட்டி போட்டால் அடங்கும். விளக்கை அணைத்தும் நடுக்கம் நிற்காவிட்டால் புரோகிராமில் டெரிவேட்டிவ், அதாவது பல்பு நகரும் வேகத்தைப் பார்த்துக் கரண்டைத் திருத்தும் பங்கு, போதவில்லை.

கரண்ட் போனால் பல்பு பொத்தென்று விழும். பீடத்தின் மேல் 1 செ.மீ. ஸ்பாஞ்ச் ஒட்டி, 12 வோல்ட் பேட்டரி ஒன்றையும் இணைத்து வையுங்கள்.